எந்த ஊருன்னு சொல்லுங்கப்பா

மரியே துணை

தூத்துக்குடி,
ஆகஸ்ட் 19

அன்பு மகள் விஜிலாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். நலம் என்று எழுதக் கை வரவில்லை. நலமறிய ஆவல் என்பது மட்டும் சத்தியம்.

நீ குடும்பக் குரூப்பை விட்டுப் போய்விட்டாய். போன் அடித்தால் மணி போய்க்கொண்டே இருக்கிறது. உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. உன் தம்பி ரெக்சனிடம் கெஞ்சிக் கூத்தாடி உன் கப்பல் கம்பெனி ஆபீஸ் விலாசத்தை வாங்கினேன். "அங்க போட்டா அக்கா கைக்குப் போயிரும். பிரிப்பாளான்னு எனக்குத் தெரியாது" என்றான். கப்பலில் ஆட்களைக் குறைக்கிறார்கள், உன்னையும் மாதக் கடைசியில் அனுப்பிவிடுவார்கள் என்றும், நீ இங்கே வராமல் கோவாவில் தோழி வீட்டுக்குப் போகப்போகிறாய் என்றும் அவன் சொல்லித்தான் தெரிந்தது. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தக் கடிதத்தைப் பிரித்துவிட்டாய் என்றால், கிழிப்பதற்கு முன்னால் கடைசி வரைக்கும் வாசித்துவிடு. உள்ளே ஒரு போட்டோவும் இருக்கிறது.

வீட்டு விஷயம் முதலில் சொல்கிறேன். கோயில் திருவிழா முடிந்து கொடி இறக்கியாயிற்று. தெருவில் இன்னும் பலூன் துண்டும் பஞ்சுமிட்டாய்க் குச்சியும் கிடக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் கொஞ்சம் வாடியிருக்கிறது. உன் பூனை குட்டி போட்டிருக்கிறது, அதுவும் எங்கே தெரியுமா, உன் தலையணை மேல். விரட்டப் போனேன். "அதுக்காவது அவ வாசம் கெடைக்கட்டும், விடுங்க" என்றாள் அம்மா. விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் அவள் சொன்னால் நான் கேட்டுக்கொள்கிறேன்.

செந்தூர்பாண்டி அண்ணாச்சி தினமும் பேக்கரியை அடைத்துவிட்டு வழக்கம்போல வந்து எட்டிப் பார்க்கிறார். "பிள்ள இன்னைக்கு என்ன ஊரு போட்டுருக்கு?" என்று கேட்டுப் பழகிய வாய் அல்லவா, முதல் இரண்டு நாள் கேட்டுவிட்டார். இப்போது கேட்பதில்லை. மக்ரூன் பொட்டலத்தை மட்டும் மேசையில் வைத்துவிட்டுப் போகிறார். நீ போடுகிற படம் எந்த ஊர் என்று சரியாகச் சொல்லி ஜெயித்தவர்களுக்குத்தானே அது? ஜெயிக்க யாரும் இல்லாமல் நமுத்துப் போகிறது.

அந்த விளையாட்டில் நான் எவ்வளவு ஊறிப்போயிருந்தேன் என்று உனக்குத் தெரியாது. ஆற்றில் கப்பலா, கேலி பண்ணாதே என்று உன்னை ஏர்போர்ட்டில் வைத்துச் சிரித்தவன் நான். நீ சின்னவளாய் இருக்கையில் துறைமுகத்தில் நிற்கிற கப்பலின் கொடியைக் காட்டி எந்த நாடு என்று உன்னைக் கேட்பேன். நீ டான்யூப் ஆற்றுக் கப்பலில் வேலைக்குப் போய் அதையே எனக்குத் திருப்பித் தந்தாய். ஊர்ப் பெயர் இல்லாமல் ஒரு படம், கீழே "எந்த ஊருன்னு சொல்லுங்கப்பா" என்று ஒரு வரி. சாயங்காலச் செபமாலை முடிந்த கையோடு எல்லோரும் போனைச் சுற்றி உட்கார்ந்துவிடுவோம். தண்ணீரைக் கண்டால் எனக்கு வெனிஸ்தான். வியன்னாவின் பெரிய ராட்டினத்தைப் பார்த்துவிட்டு அண்ணாச்சி, "இது நம்ம திருச்செந்தூர் பொருட்காட்சில்லா" என்று சத்தியம் பண்ணினார். புடாபெஸ்ட் படத்துக்கு ஊரை அம்மா சரியாகச் சொன்னாள். எப்படி என்றால், முந்தின வாரம் நீ அவளிடம் போனில் சொல்லியிருக்கிறாய். கள்ளி! அன்றைக்கு மக்ரூன் முழுக்க அவளுக்குத்தான்.

நான் மட்டும் காரணம் காட்டாமல் சும்மா சொல்ல மாட்டேன். இழுவைப் படகில் ஆட்களுக்குத் தலைவனாக, சராங்காக இருந்தவன், ஒரு துறையைப் பார்த்தால் அதன் சாதகமே சொல்வேன் என்று பீற்றிக்கொள்வேன். கப்பல் கட்டுகிற கட்டை பார், கயிறு பார், சுவரில் பாசி எதுவரை நிற்கிறது பார் என்று எல்லோருக்கும் பாடம் எடுப்பேன். அந்தப் பீற்றல்தான் மக்கா உன் தலையில் விழுந்தது.

காலையில் நீ உன் அறைச் சன்னலில் இருந்து எடுத்து அனுப்புவாயே, குட்மார்னிங் படம், அதில் கரையில் ஒரு படித்துறை. கம்பியில் சங்கிலி போட்டுப் பூட்டிய ஒரு சிவப்பு சைக்கிள். மறுநாளும் அதே சைக்கிள். அதற்கு மறுநாளும். ஆனால் சாயங்காலம் வருகிற படமெல்லாம் வேறு வேறு ஊர். ஒரு நாள் கல் பாலம், ஒரு நாள் கோட்டை, ஒரு நாள் மலையடிவாரத்தில் ஒரு பெரிய ஊர். கப்பல் நகரவில்லை, பிள்ளை மட்டும் ஊர் ஊராகப் போகிறது. எனக்குச் சந்தேகம் தட்டியது. உன்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பெரிய துப்பறிகிறவன் மாதிரி படங்களைப் பெரிசு பண்ணிப் பெரிசு பண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திருவிழா அன்று வீடு நிறைய ஆள். மணப்பாட்டிலிருந்து உன்னைப் பெண் கேட்டு வந்திருந்தார்கள். பையனின் அப்பா உன் படங்களைப் பார்த்துவிட்டு, "பிள்ள நல்லா ஊரு சுத்துதே, கப்பல்ல வேலையெல்லாம் கெடையாதோ?" என்று சிரித்தார். விளையாட்டாகத்தான் கேட்டிருப்பார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. அந்த நேரம் பார்த்து உன் படம் வந்து விழுந்தது, ஒரு கோபுரமும் கீழே பூச்சந்தையும். எந்த ஊருன்னு சொல்லுங்கப்பா. நான் போனை எடுத்து, அத்தனை பேர் முன்னால், குரூப்பில் குரலாகவே போட்டேன்: "ஏளா, யாருகிட்ட கத வுடுத? கப்பல் ஒரே எடத்துல கட்டிக் கெடக்கு. நான் சராங்குலா, எனக்குத் தெரியாதா? நீ கப்பல்லயே இல்ல. எவன் ஒன்னக் கூட்டிட்டுச் சுத்துதான்?"

அதைப் பேசிய வாயை நான் எங்கே கொண்டு வைப்பேன்?

பையனின் அப்பா காப்பியைக் குடிக்காமல் மேசையில் வைத்தார். குசினியில் அம்மா கரண்டியைப் போட்ட சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் 'விஜிலா வெளியேறினார்' என்று குரூப்பில் வந்தது. வந்தவர்கள் போனபிறகு அம்மா என் முன்னால் வந்து நின்றாள். "பெத்த பிள்ள மேல நீங்களே சேத்த வாரி எறிஞ்சிட்டீங்க. இனி ஊர்க்காரன் எறிய என்ன இருக்கு?" என்று கேட்டாள். சத்தம் போடவே இல்லை. அவள் சத்தம் போட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

இன்னொரு கேவலத்தையும் சொல்லிவிடுகிறேன். அன்று சாயங்காலமே எனக்குப் பயம் வந்துவிட்டது. யாரும் பார்க்காதபோது போனை எடுத்து அந்தக் குரலை அழித்தேன். அழிந்துவிட்டது, இனி யார் காதிலும் விழாது என்று நிம்மதியாக இருந்தேன். பிறகு என் பம்பாய்ச் சித்தி கூப்பிட்டு, "நானும் கேட்டேன் சந்தியாகு, என்ன இப்பிடிப் பேசிட்ட?" என்றாள். என் போனில் மட்டும் அழித்திருக்கிறேன், மடையன். உலகத்தில் உள்ள சொந்தமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் அது கேட்கவில்லை.

ரெக்சன்தான் கடைசியில் உண்மையைக் கொண்டுவந்தான். துறைமுகத்தில் அவன் கம்பெனி ஆள் யாரோ சொல்லி, போனில் செய்தியை எடுத்துக் காட்டினான். "யப்பா, அங்கன மழையே இல்ல. ஆத்துல தண்ணி வத்திப்போச்சு. கப்பல் போனா அடி தட்டும்னு அங்கங்க கட்டிப் போட்டுருக்கானுவ. பயணிங்கள பஸ்ஸுல வச்சு ஊர் ஊராக் காட்டிக் கூட்டிட்டு வாரானுவ. மத்தியானச் சாப்பாடு எடுத்துட்டு அக்காவும் கூடப் போயிருக்கா." சொல்லிவிட்டு நீ அவனுக்கு அனுப்பியிருந்ததை என் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னான். சாப்பாட்டுப் பெட்டியெல்லாம் இறக்கி வைத்துவிட்டு, திரும்ப ஏற்றுவதற்குள் ஓடிப்போய் எடுத்த படங்கள், அப்பாவுக்கென்று எடுத்தவை, அப்பா கவலைப்படுவார் என்றுதான் கப்பல் நின்றதைச் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாய். ஓடி ஓடி எடுத்திருக்கிறாய். நான் எவன் என்று கேட்டிருக்கிறேன்.

மாதாவே! தண்ணீர் வற்றியது என் கண்ணுக்குத் தெரியாமல் இல்லை விஜிலா. அதுதான் என்னைக் கொல்கிறது. உன் காலைப் படங்களில் படித்துறையின் படிகள் நாளுக்கு நாள் கூடுதலாக வெளியே தெரிந்தன. அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு, தண்ணி எறங்குற நேரத்துல எடுத்திருக்கா, பொறவு ஏறிரும் என்று அண்ணாச்சிக்கு விளக்கம் வேறு சொன்னேன். கடல்தான் ஏறும் இறங்கும். ஆறு இறங்கினால் மழை வந்தால்தான் ஏறும். ஆயுசு முழுக்கக் கடலில் கிடந்தவனுக்குத் தண்ணீர் இல்லாமல் ஒரு கப்பல் நிற்கும் என்று தோன்றவே இல்லை. பெற்ற பிள்ளை பொய் சொல்கிறாள் என்று தோன்றியது. அது எப்படி முதலில் தோன்றியது என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன்.

நேற்று இதோடு நிறுத்திவிட்டேன். இன்று காலைப் பூசை முடிந்து வந்து எழுதுகிறேன்.

நான் செய்ததையும் உனக்குச் சொல்ல வேண்டும். பெருமைக்காக இல்லை. குரூப்பில் மறுபடியும் குரல் போட்டேன், "எம் பிள்ள சொன்னது அத்தனையும் உண்மை, நான் பேசுனதுதான் பொய்" என்று. நம் தெருக் குடும்பங்கள் செபத்துக்குக் கூடுகிற அன்பியக் கூட்டத்திலும் எழுந்து நின்று சொன்னேன். பிறகு மணப்பாட்டுக்குப் போனேன். பையனின் அம்மா தண்ணீர் கொடுத்தார்கள், உட்காரச் சொன்னார்கள். நான் எல்லாம் சொல்லி முடித்ததும், "பிள்ள மேல எங்களுக்கு ஒண்ணும் இல்ல அண்ணே. பெத்த அப்பனே இப்பிடிப் பேசுற வீட்டுல எப்பிடிப் பொண்ணெடுக்க?" என்றார்கள். நியாயம்தானே? கும்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அந்தப் பையன் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தான். பஸ் வந்ததும், "அவங்க நல்லாருக்காங்களா?" என்று மட்டும் கேட்டான். எனக்குத் தெரியவில்லை தம்பி என்றேன். என் பிள்ளை நல்லா இருக்கிறாளா என்று இன்னொருத்தர் கேட்டு, தெரியவில்லை என்று சொல்கிற நிலைமை எந்தத் தகப்பனுக்கும் வரக்கூடாது.

அந்தப் பையன் சங்கதியில் நான் இனி வாயைத் திறக்க மாட்டேன். வேண்டும் வேண்டாம் என்பது உன் பாடு.

கோவாவுக்கு மட்டும் போகாதே மக்கா. என்னைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் சொல்லு, நீ இருக்கிற வரைக்கும் நான் ரெக்சனின் கம்பெனி ரூமில் போய்ப் படுத்துக்கொள்கிறேன். அவனிடம் கேட்டும் வைத்துவிட்டேன். நீ உன் வீட்டுக்கு வா. அம்மா தினமும் உன் கட்டிலுக்கு விரிப்பு மாற்றுகிறாள், பூனைக்குத்தான் மாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டே.

உள்ளே இருக்கிற போட்டோவை இப்போது எடுத்துப் பார். போன ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் பஸ் பிடித்துப் போய் எடுத்தது. ஆற்றில் தண்ணீர் வற்றினால் எப்படித்தான் இருக்கும் என்று நேரில் பார்க்க வேண்டும் போல் இருந்தது. பக்கத்திலேயே ஆறு இருந்தும் கடலைத் தவிர வேறு தண்ணீரை நான் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. நம் தாமிரபரணிதான், அதை மறைக்கவில்லை. எந்த ஊர் என்பதுதான் கேள்வி. மூலையில் ஒரு கோபுரம் தெரிகிறது, அணைக்கட்டும் கொஞ்சம் தெரிகிறது, அதற்குமேல் துப்புத் தர மாட்டேன்.

நடு ஆற்றில், மணலில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தலை இல்லாமல் நிற்பது நான்தான். அம்மா எடுத்ததில் கழுத்துக்கு மேல் விழவில்லை. "தல வெட்டுப்பட்டுப் போச்சு, இன்னொண்ணு எடுக்கட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் பிலோமி, இதையே அனுப்புவோம், அவளுக்குக் காட்டுகிற மாதிரி என்னிடம் இப்போது முகம் இல்லை என்றேன்.

மழை பெய்து உன் கப்பல் கிளம்பட்டும். பனிமய மாதா உன் கூடவே இருக்கட்டும். நீ எனக்கு ஒன்றும் எழுத வேண்டாம், பேசவும் வேண்டாம். இது எந்த ஊர் என்று மட்டும் சொல்லிவிடு. தப்பாகச் சொன்னாலும் சரி, வெனிஸ் என்று சொன்னாலும் சரி. மக்ரூன் உனக்குத்தான்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா
சந்தியாகு