சிவப்பு விரல்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், அப்பா, உன் தம்பி எல்லோரும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அதேபோல இருக்க வேண்டும். அப்பாவுக்கு முட்டிவலி தேவலை, வாய்தான் குறையவில்லை.

நீ ஏற்பாடு செய்திருந்த செயற்கை விரல் நிலையத்துக்குப் போய்வந்தேன். அங்கிருந்த அம்மாள் இஸ்திரிப்பெட்டி மாதிரி ஒரு ஸ்கேனரை என் வலது கையைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டருக்குள் சாம்பல் நிறத்தில் என் கை முளைத்துவிட்டது, சோபாப் பட்டறையில் ஃபோம் வெட்டும் மெஷின் தின்ற இரண்டு விரல்களின் அடிக்கட்டை உட்பட. பிறகு இடது கையையும் எடுத்து, கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி, அதிலிருந்து இரண்டு விரல்களை வெட்டி வலது கையில் ஒட்டினார். தோல் நிறம் கொடுத்து வெளிச்சம் விழச் செய்ததும் நகம்கூடப் பளபளத்தது. "பாருங்க, யாருக்கும் வித்தியாசமே தெரியாது" என்றார். அச்சு அசல்தான். ஆனால் துணியை இழுத்துப் பிடிக்குமா என்று கேட்டேன். "அதெல்லாம் முடியாதும்மா, இது பார்வைக்குத்தான்" என்றார். நாளெல்லாம் சோபாவுக்குத் துணி இழுத்து அடிக்கிறவளுக்குப் பார்வைக்கு எதற்கடி விரல்? அழித்துவிடச் சொன்னேன். "உங்க பொண்ணு ஆசையா ஏற்பாடு பண்ணியிருக்காங்களே" என்று தயங்கினார். "கை என்னோடதுங்க" என்றேன். அப்புறம் இருவரும் உட்கார்ந்து, துணியை அழுத்திப் பிடிக்க வாத்து மூக்கு மாதிரி தட்டையாக ஒன்றை உருவாக்கினோம். திரையில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இங்கே அகலம் போதாது, அங்கே வளைவு வேண்டும் என்று அவர் உயிரை வாங்கிவிட்டேன். என்ன நிறம் என்றார். நல்ல சிவப்பு என்றேன்.

அது பிளாஸ்டிக்கில் அச்சாகி வந்ததும் கையில் மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். முதலாளிக்கு முகம் சுருங்கிவிட்டது. "கஸ்டமர் பாத்தா பயப்படுவாங்க, நீங்க பின்னாடி குடோன்ல உக்காந்து செய்யுங்க" என்றார். "விரலைத் தின்ன மெஷினே முன்னாடி நிக்குது, நான் எதுக்குங்க ஒளிஞ்சுக்கணும்?" என்று கேட்டுவிட்டு, என் முக்காலியை வாசல் பக்கம் இழுத்துப் போட்டேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். இன்றுவரை நான் வாசலில்தான். நேற்று ஒரு பெரிய சோபாவுக்கு ஒரு சுருக்கம் விழாமல் துணி போட்டேன். அவர் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, பேசாவிட்டால் போகட்டும்.

உன் பாசம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் விபத்துக்குப் பிறகு வீடியோவில் பேசும்போது என் கை தெரிந்தால் நீ கண்ணைத் திருப்பிக்கொள்கிறாய். விரல் போனதைவிட அதுதான் வலிக்கிறது. நீங்கள் இருவரும் குறையொன்றும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது கையை ஆட்டுவேன், நேராகப் பார்.

என்றும் உன்னை நினைத்திருக்கும்,
அம்மா