மூக்கனை எப்போது கூட்டிப் போகிறாய்?

மார்ச் 4

தம்பிக்கு,

நான்கு முறை போன் செய்துவிட்டேன். எடுத்தவுடன் ‘கடையில கூட்டம்க்கா, அப்புறம் கூப்பிடுறேன்’ என்கிறாய். அதனால்தான் கடிதம்.

‘வீடு மாத்துற வரைக்கும்தான், ரெண்டே வாரம்’ என்று நீ என்னிடம் விட்டுப்போன நாய்க்கு இன்றோடு இரண்டு மாதம். பீகிள் என்று பெருமையாகச் சொன்னாய். முயல் வேட்டைக்குப் பிறந்த மோப்ப நாயைச் சலவைக் கடைக்காரன் எதற்கு வாங்கினான்? படத்தில் காது நீளமாக, கண் பாவமாக இருந்ததாம். நல்ல வேளை, யானைப் படம் உன் கண்ணில் படவில்லை.

நீங்கள் வைத்த பெயர் என் வாயில் நுழையவில்லை. மூக்கன் என்கிறேன். எப்படிக் கூப்பிட்டாலும் வராது. மூக்கு தரையில் இருக்கும்போது அதற்குக் காது கேட்காது. அந்தக் காதை வாரம் இரண்டு முறை நான் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சீழ் பிடித்துவிடும். நேற்று கயிற்றை உருவிக்கொண்டு ஓடி, அடுத்த தெருவில் ஒரு சமையலறைக்குள் போய் நின்றது. அந்த அம்மாள் என்னிடம் ‘வீட்ல சாப்பாடே போடமாட்டீங்களா?’ என்று கேட்டாள். வேலியில் போன ஓணானை எடுத்து அவனவன் தன் மடியில் விட்டுக்கொள்வான். நீ என் மடியில் விட்டாய்.

என் மருமகள் பாப்பா சுகமா? நாய் எங்கே என்று கேட்டால் அவளிடம் என்ன சொல்கிறாய்?

அக்கா

—

மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்தோடும் கொஞ்சம் பயத்தோடும் எழுதுவது.

பாப்பா தினமும் கேட்கிறாள். மாதக் கடைசிக்குள் கூட்டி வருவதாகச் சத்தியம் செய்திருக்கிறேன். காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வருகிறாள். புது வீட்டில் இடமும் இருக்கிறது. ஆனால் கீழே கடை, மேலே வீடு. போன முறை சலவைக்கு வந்த ஹோட்டல் விரிப்புகளின் மேல் அது படுத்து உருண்டதை நீயே பார்த்தாய்.

பாவம், அது ஏங்கிப் போயிருக்கும். பாப்பாவின் சட்டை ஒன்றை அனுப்புகிறேன். வீட்டு ஆட்களின் வாசனை இருந்தால் மோப்ப நாய்க்கு ஆறுதலாக இருக்குமாம்.

அன்புத் தம்பி

—

மார்ச் 15

தம்பிக்கு,

பார்சலைப் பிரித்தேன். சட்டையை வெளுத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் உறையில் வைத்திருந்தாய். கடைச் சீட்டுகூட காலரில் தொங்கியது. வாசனைக்காக அனுப்புகிற துணியைத் துவைத்து அனுப்பியவன் உலகத்திலேயே நீ ஒருவன்தான்.

மூக்கன் ஓடி வந்து முகர்ந்தது. தும்மியது. மறுபடி முகர்ந்தது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கதவடியில் போய்ப் படுத்துக்கொண்டது. ஒரு நாயின் முன்னால் நம் குடும்ப மானம் போயிற்று.

அது எப்போதும் கதவடியில்தான் படுக்கிறது. படியில் காலடி கேட்டால் எழுந்து கதவிடுக்கில் மூக்கை வைக்கும். மாடிவீட்டுக்காரர் என்று தெரிந்ததும் பழையபடி படுத்துவிடும். ஆரம்ப சூரத்தனம் உன்னுடையது, காத்துக்கிடப்பது அதனுடையது.

அக்கா

—

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

சட்டை விஷயம் தப்புதான். கைப்பழக்கம்.

ஒரு யோசனை. என் வாடிக்கையாளர் ஒருவர் கிடங்கு வைத்திருக்கிறார். காவலுக்கு நாய் தேடுகிறார். அங்கே கொடுத்துவிடலாமா? பாப்பாவை நான் சமாளித்துக்கொள்கிறேன்.

அன்புத் தம்பி

—

மார்ச் 23

தம்பிக்கு,

கிடங்குக் காவலா? வருகிற திருடன் பையில் ஒரு பிஸ்கட் இருந்தால் போதும், மூக்கனே பூட்டைக் காட்டிக் கொடுக்கும். பகலெல்லாம் சங்கிலியில் கிடந்து, மோப்பம் பிடிக்க ஒரு தெருகூட இல்லாமல் செத்துப்போகும். பாப்பாவைச் சமாளிப்பாயாம். அந்தக் குழந்தைக்கு நீ கொடுத்த சத்தியத்துக்கும் கஞ்சி போட்டு மடித்து வைத்துவிட்டாயா?

நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தான் ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வா. வந்து கூட்டிப் போ. முடியாதென்றால் அதையும் என் முகத்தைப் பார்த்துச் சொல்.

அக்கா

—

மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

கோபித்துக்கொள்ளாதே. நேற்று கிளம்பத்தான் இருந்தேன். ஹோட்டலிலிருந்து அவசர வேலை வந்துவிட்டது. கடையை விட்டு ஒரு நிமிஷம் நகர முடியவில்லை. அடுத்த வாரம் கட்டாயம் வருகிறேன்.

அன்புத் தம்பி

—

ஏப்ரல் 3

தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை மூக்கனைக் குளிப்பாட்டி, அதன் தட்டையும் காது மருந்தையும் பையில் போட்டு வாசலில் வைத்தேன். காலையில் பால்கனியில் நின்று அது விடாமல் குரைத்தது. ‘சும்மா கிட’ என்று அதட்டி உள்ளே இழுத்தேன்.

மூன்று மணிவரை பார்த்துவிட்டு நடக்கக் கூட்டிப் போனேன். கேட்டைத் தாண்டியதும் சுவரோரம் ஓரிடத்தில் மூக்கை வைத்தது. ஊளையிட்டது. இந்த மூன்று மாதத்தில் நான் கேட்காத குரல். எதிர்ச்சாரி டீக்கடைக்கு என்னை இழுத்துக்கொண்டு ஓடி, பெஞ்சைச் சுற்றி வந்து, அங்கிருந்து பஸ் நிறுத்தத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டது.

கடைக்காரரைக் கேட்டேன். ‘உங்க ஜாடையில ஒருத்தர் வந்தாரும்மா. ரெண்டு டீ குடிச்சார். உங்க பால்கனியையே பாத்துட்டு இருந்தார். நாய் கத்தினதும் எழுந்து போய் பஸ் ஏறிட்டார்’ என்றார்.

என் வாய்க்குப் பயந்தாயா? பயந்திருப்பாய். என் வாய் அப்படித்தான். ஆனால் உன்னைக் கூப்பிட்டது நானில்லை, அது. அதை அதட்டியதற்கு அதனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஐந்து பஸ் போயிற்று. இறங்கியவர்கள் ஒவ்வொருவரின் காலையும் முகர்ந்தது. கூப்பிட்டேன், வரவில்லை. கடைசியில் அந்தப் பதினான்கு கிலோவையும் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறினேன். இன்றைக்கும் வெளியே வந்தால் அந்த நிறுத்தத்துக்குத்தான் இழுக்கிறது.

இனி மூக்கன் இங்கேதான் இருக்கும். பாப்பாவை அவள் அம்மாவோடு அனுப்பு. எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும். அனுப்புவதற்கு முன் அவளிடம் உண்மையைச் சொல். நீ வர வேண்டாம். டீக்கடை வரைக்கும்கூட வர வேண்டாம்.

மூக்கனுக்கு உன்மேல் கோபம் கிடையாது. கோபப்படுகிற அளவுக்கு அதற்கு அறிவு போதாது. எனக்குப் போதும்.

அக்கா