பிளேனர் ஓடும் நேரம்

ஜனவரி 9, வியாழன்

இன்று அவருடைய பிளேனரை, கரண்டில் ஓடும் அந்த இழைப்புளியைக் கையில் எடுத்தேன். மாமி, அவருடைய உம்மா, குசினி வாசலில் நின்று பார்த்தார்.

கொட்டிலில் தார்ப்பாயை விலக்கினால் அவர் தொடங்கிய பலகை அப்படியே கிடக்கிறது. ஆளை விட நீளமான வெள்ளை ரெஜிபோம் கட்டி, மீன்பெட்டி செய்கிற அதே நுரைச் சாமான், நடுவில் பென்சில் கோடு. கோட்டுக்கு இடப்பக்கம் முடிந்துவிட்டது, தடவினால் கை வழுக்கும். வலப்பக்கம் இன்னும் சதுரமாக, பெட்டி போல. நிப்றாஸ் எதையும் பாதியில் விடுகிற ஆள் இல்லை. கலீலுர் றஹ்மானின் மீன்பிடி போட்டுக்கு அன்றைக்கு ஆள் குறைந்தது, ஒரு நாள்தானே என்று கேட்டார், இவரும் போனார். “வந்து மற்றப் பக்கத்தைப் பிடிக்கிறன்” என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

போட்டு கவிழ்ந்தது. கலீல் கரைக்கு வந்தார். வெறும் போட்டு இலங்கைத்துறைப் பக்கம் ஒதுங்கியது. இவர் வரவில்லை. தேடினார்கள், நேவியும் தேடியது, மையித்தும் கிடைக்கவில்லை.

எழுதிவிட்டேன். இரண்டு கிழமைக்கு மேலாக இந்த நாலு வரியை எழுதப் பயந்து கொப்பியைத் திறக்கவே இல்லை.

ஜனவரி 10, வெள்ளி

ஜும்ஆ நேரம் மெஷின் ஓட்டாதே என்றார் மாமி. ஓட்டவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

அலையில் ஏறி நின்று ஓடுகிற இந்தச் சேர்ஃப் பலகைப் பைத்தியம் அவருக்கு அறுகம்பேயில் பிடித்தது. வருடம் முழுக்கக் கிண்ணியாவில் பைபர் போட்டுகளுக்கு ஓட்டை அடைக்கிற மனிதர், சீசனுக்கு அங்கே போய் வெள்ளைக்காரரின் உடைந்த பலகைகளை ஒட்டிக் கொடுப்பார். ஒட்டி ஒட்டித் தனக்கும் ஒன்று வேண்டும் என்றாகிவிட்டது. இலங்கைத்துறை ஆற்றுவாயில் மாரியில் ஒரு அலை எழும்புதாம், அதில் இன்னும் ஒருத்தரும் ஏறி நின்றதில்லையாம். கேட்டுக் கேட்டு என் காது புளித்துப் போனது. முதலில் குசினிக் கூரையில் ஏறி நின்று ஒழுக்கை அடையுங்கள் என்று ஏசினேன். சிரித்தார். ஒழுக்கு இன்னும் ஒழுகுகிறது.

பிளேனர் நினைத்ததை விடப் பாரம். இழுத்துக்கொண்டு ஓடப் பார்க்கிறது, நாய்க்குட்டியைக் கயிற்றில் பிடித்த மாதிரி. முதல் தடவையே முனையில் ஒரு குழி பறித்துவிட்டேன். பிறகு பிளேட்டை மேலே தூக்கி, மெல்லிசாக, நுனியிலிருந்து வால் வரை ஒரே இழுவையில். அவர் அப்படித்தான் செய்வார். பலகையின் மற்றத் தலையைப் பிடித்துக்கொண்டு எத்தனை நாள் நின்றிருப்பேன், அலுத்துக்கொண்டே பார்த்தது எல்லாம் இப்போது கையில் இருக்கிறது.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். பிளேனர் ஓடும்போது வாய்விட்டு அழுதால் யாருக்கும் கேட்காது. மாமிக்கும் கேட்காது, மகள் ரிப்காவுக்கும் கேட்காது. எனக்கே கேட்கவில்லை.

ஜனவரி 15, புதன்

அபூதாஹிர் காக்கா வந்தார். என் கூடப்பிறந்த மூத்தவர், சொல்லத்தான் வேண்டும், சொன்னார். கலீல் கண்ணால் கண்ட சாட்சி. மௌலவியிடமும் கேட்டாயிற்றாம். இனி நான் இத்தா இருக்க வேண்டும். நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து, படி தாண்டாமல்.

முடியாது என்றேன். இத்தா இருந்தால் அவர் மௌத்து என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. யாரும் காணாத மையித்துக்கு நான் எப்படி விதவையாகிறது?

காக்கா கொட்டிலைப் பார்த்தார், பிளேனரைப் பார்த்தார். “ஊர் கதைக்குது, தங்கச்சி” என்றார். ஊர் கதைக்காமல் இருந்தது எப்போது?

மாமி எனக்காகப் பேசவில்லை. ஆனால் காக்கா எழும்பிப் போனதும் அவர் குடித்த கோப்பையைத் தட்டென்று வைத்துக் கழுவினார். அது போதும் எனக்கு.

ஜனவரி 18, சனி

ஒவ்வொரு நாளும் மாமி ஒரு கோப்பையில் சோறும் கறியும் போட்டு இன்னொரு கோப்பையால் மூடி வைக்கிறார். மகனுக்கு. காலையில் அதைத் தானே தண்ணீர் ஊற்றிச் சாப்பிடுகிறார். அந்தக் கோப்பையை நான் தொட்டதில்லை. அவர் என் பலகையைத் தொட்டதில்லை. வீட்டில் இரண்டு பேரும் இப்படி ஒரு உடன்படிக்கையில் இருக்கிறோம்.

கலீல் வாசலுக்கு வந்தார் என்று ரிப்கா ஓடி வந்து சொன்னாள். இல்லை என்று சொல்லி அனுப்பினேன். பிளேனர் ஓடிக்கொண்டிருந்தது, எப்படி இல்லாமல் போவேன்? அவருக்கும் விளங்கியிருக்கும். இந்த மாதத்தில் அவர் வருவது எத்தனையாவது தடவையோ. அவர் வாயிலிருந்து கேட்டுவிட்டால் முடிந்தது. கேட்காதவரை முடியவில்லை.

ஜனவரி 22, புதன்

வலப்பக்கம் முடிந்தது. முடிந்தது என்றால், கிட்டத்தட்ட. கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையை அவருடைய பக்கத்திலும் ஒரு கையை என்னுடைய பக்கத்திலும் வைத்துத் தடவிப் பார்த்தேன். என்னுடையது கொஞ்சம் தடிப்பு. சாண்டர் மெஷினைப் போட்டுத் தேய்த்தேன். தூள் தேங்காய்ப்பூ போல முடியெல்லாம், இமையெல்லாம். உம்மா கிழவியாகிவிட்டார் என்று ரிப்கா விழுந்து விழுந்து சிரித்தாள். வாப்பா வந்து பார்த்தால் அடையாளம் தெரியாது என்றாள்.

சாண்டரைத் திரும்பப் போட்டேன். தேய்க்க ஒன்றும் இருக்கவில்லை.

ஜனவரி 25, சனி

பாழாய்ப் போச்சு.

கொட்டில் மூலையில் ரெசின் டிரம் இருந்தது, பைபர் துணியை ஊறவைத்து இறுக்குகிற பசை. எல்லாப் போட்டுக்கும் அதைத்தான் பூசுவார். நானும் எத்தனை தடவை கலக்கிக் கொடுத்திருப்பேன், எவ்வளவுக்கு எவ்வளவு மருந்து என்று எனக்குப் பாடம். பைபர் துணியை விரித்து, கலக்கி, ஊற்றினேன். இடப்பக்கத்தில்தான் முதலில் ஊற்றினேன், அவருடைய பக்கம் நல்ல பக்கம், அதிலே தொடங்கினால் கை பழகும் என்று—

சீனி கரையிற மாதிரிக் கரைஞ்சுது. சீறிக்கொண்டு உள்ளுக்குப் போகுது. துணி குழிக்குள்ள இறங்குது. வழிக்கப் போனன், வழிக்க வழிக்க இன்னும் பெரிசாகுது. கையில சூடு. அந்த நாத்தம். அவர் தேய்ச்ச பக்கம், அவர்ட கை பட்ட பக்கம், என்ட கண்ணுக்கு முன்னால, என்ட கையாலயே.

கரண்டை நிப்பாட்டினேன். எதுவும் ஓடவில்லை, எதை நிப்பாட்டினேன் என்று தெரியாது.

ஜனவரி 26, ஞாயிறு

படுத்தே கிடந்தேன். ரிப்காவுக்கு மாமி சோறு கொடுத்தார்.

ஜனவரி 28, செவ்வாய்

காக்கா போட்டு கட்டுகிற இடத்தில் விசாரித்து வந்து சொன்னார். போட்டு ரெசின் மரத்தைப் பிடிக்கும், பைபரைப் பிடிக்கும், ரெஜிபோமை மட்டும் தின்னுமாம். அதற்கு எபொக்சி என்று வேறொன்று வேண்டுமாம். அப்போதுதான் நினைவு வந்தது. அறுகம்பேயிலிருந்து வந்தபோது இரண்டு டின்னை அலுமாரிக்கு மேலே வைத்து, பிள்ளையின் கைக்கு எட்டாமல் இருக்கட்டும் என்றாரே. அதற்குக் கீழேதான் நான் தினமும் படுக்கிறேன்.

ஒரு விசயத்தை எழுதியே ஆக வேண்டும். அன்றைக்கு ரெசின் கலக்கும்போது, ஏன் இத்தனை நாளும் பிளேனரைப் பிடிக்கும்போதெல்லாம், எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. பிழையாகச் செய்தால் அவர் வந்துவிடுவார். அவருடைய சாமானில் யாராவது கை வைத்துப் பிழை விட்டால் அந்த மனிதருக்குப் பொறுக்காது. ஸ்குரூட்ரைவரால் டின் திறந்ததற்கு ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தவர். எங்கே இருந்தாலும் ஓடி வந்து, விடு புள்ள, நாசமாக்காத என்று கையிலிருந்து பறிப்பார்.

இதை விடப் பெரிய நாசம் என்னால் செய்ய ஏலாது. யாரும் வந்து பறிக்கவில்லை.

கலீலை வரச் சொல்லும்படி காக்காவிடம் சொன்னேன்.

ஜனவரி 31, வெள்ளி

கலீல் ஜும்ஆ முடிந்து வந்தார். மாமி கதிரையைக் காட்டியும் இருக்கவில்லை, நிலத்திலேயே இருந்தார். நான் அறைத் திரைக்கு உள்ளே. திரைக்குக் கீழால் அவருடைய கை மட்டும் தெரிந்தது. ஒரு நகத்தடியை இன்னொரு நகத்தால் கீறிக்கொண்டே இருந்தார்.

அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன். இனி மறக்கவும் கூடாது, மாற்றவும் கூடாது.

“மீன்பெட்டி மூடி ஒண்டுதான் கைக்குக் கிடைச்ச. ரெண்டு பேரும் பிடிச்சம். ரெண்டு பேரும் பிடிச்சா அது கீழ போகுது. கனநேரம் அப்பிடியே கிடந்தம். பிறகு மூடி மேல வந்திச்சி. திரும்பிப் பார்த்தா அவர் இல்ல.”

அவராக விட்டாரா என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது.

“நான் தள்ளல்ல, மதினி. அல்லாஹ் மேல ஆணையா தள்ளல்ல. ஆனா நான் விடவுமில்ல.”

ரெஜிபோம் மூடி. அதே சாமான்.

அவரைக் கொல்ல வேண்டும் போல் இருந்தது. எழுதினால் எழுதினதுதான், இருந்தது. அதோடு, அந்த இடத்தில் நான் இருந்தால் விட்டிருப்பேனா என்றும் நினைத்தேன்.

மாமி எழும்பிக் குசினிக்குப் போனார். அழப் போகிறார் என்று நினைத்தேன். மூடி வைத்த கோப்பையைக் கொண்டுவந்து கலீலுக்கு முன்னால் வைத்து, மூடியைத் திறந்தார்.

“தின்னுங்க மகன்” என்றார். “ஆறிப் போகுது.”

அவர் தின்றார். அழுதுகொண்டே, முழுவதையும். மாமி பக்கத்தில் இருந்து கறி போட்டார்.

பெப்ரவரி 3, திங்கள்

இத்தா மௌத்தான நாளிலிருந்தே கணக்காம், தெரிய வந்த நாளிலிருந்து இல்லையாம். மௌலவி சொல்லி அனுப்பினார். அப்படியென்றால் இந்தக் கிழமைகள் எல்லாம் நான் இத்தாவில்தான் இருந்திருக்கிறேன். வெள்ளைக்குப் பதிலாகத் தூள்.

மாமி தன்னுடைய பழைய இத்தா வெள்ளைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து மடித்து என் கட்டிலில் வைத்துவிட்டுப் போனார். எனக்குக் கொஞ்சம் கட்டை. பரவாயில்லை.

பெப்ரவரி 6, வியாழன்

யாரும் கேட்காமலே கலீல் அந்த மூடியை வேலிக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரு மூலை உடைந்திருக்கிறது. விரல் பதிந்த பள்ளங்கள் இருக்கின்றன. எத்தனை கையினுடையது என்று பார்க்கவில்லை. தார்ப்பாயால் மூடிவிட்டேன்.

பெப்ரவரி 9, ஞாயிறு

கொட்டில் வளவுக்குள்தானே, படி தாண்டுகிற கணக்கில் வராது என்றார் மாமி. மார்க்கம் அவருக்குத்தான் கூடத் தெரியும்.

பலகையில் தின்னப்பட்ட இடத்தை ஜிக்சோ வாளால் சதுரமாக வெட்டி எடுத்தேன். மூடியையும் வெட்டி, அந்த இடத்தில் வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை, பிளேனர் போட்டேன், பிறகு பொருந்தியது, எபொக்சியால் ஒட்டினேன். மாமி முதல் தடவையாகப் பலகையில் கை வைத்தார். மற்றத் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதனால் இன்று அழ முடியவில்லை.

பெப்ரவரி 13, வியாழன்

முந்தாநாள் துணி போட்டு எபொக்சி பூசினேன். சீறவில்லை. கரையவில்லை. காயும்வரை நின்றுகொண்டே பார்த்தேன்.

இதில் யாரும் ஏறி நிற்கப் போவதில்லை. எனக்கு அது முன்பே தெரியும். ஓரத்தில் துளை போட்டுக் கயிறு கோத்தேன், இந்தப் பக்கம் பிடிக்க இரண்டு, அந்தப் பக்கம் பிடிக்க இரண்டு. கிணற்றடி நீளத் தொட்டியில் மிதக்கவிட்டு ரிப்காவும் மாமியும் சேர்ந்து ஏறி அமத்தினார்கள். தாழவில்லை.

வெள்ளை உடுப்பில் வெள்ளைத் தூள் தெரிவதில்லை. அது ஒரு வசதி.

பெப்ரவரி 16, ஞாயிறு

கலீல் வந்து பலகையை எடுத்துக்கொண்டு போனார். திரைக்குள் இருந்து ஒன்று மட்டும் சொன்னேன், போட்டுக்குள் கட்டி வைக்க வேண்டாம், அவிழ்க்க நேரம் இருக்காது என்று. ஓம் என்றார்.

கொட்டில் வெறுமை. பிளேனரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். இனி எங்கே போய் அழுவேன்?

மார்ச் 31, திங்கள்

பெருநாள். ரிப்காவுக்குப் புதுச்சட்டை. மாமி இப்போது கோப்பை மூடி வைப்பதில்லை.

மே 2, வெள்ளி

இத்தா முடிந்தது. குளித்தேன், நிறச் சேலை கட்டினேன். படியைத் தாண்டினால் வெயில் கண்ணுக்குள் குத்துகிறது.

மாமிதான் கரைக்குப் போகலாம் என்றார். அன்றிலிருந்து அவரும் கடல் பக்கம் போகவில்லை. ரிப்கா முன்னால் ஓடினாள். கலீலின் போட்டு இப்போதுதான் வந்திருந்தது, ஒரு புதுக் கூட்டாளியோடு. பலகை வலைக்கு மேலே சும்மா கிடந்தது, கட்டாமல். கயிறுகள் கறுத்துப் போயிருந்தன. மாதக்கணக்காகக் கைபடுகிறதே. இன்னும் தேவைப்படவில்லை, அல்ஹம்துலில்லாஹ் என்றார் கலீல்.

ஒட்டுப் போட்ட இடத்தைத் தடவிப் பார்த்தேன். இலங்கைத்துறைப் பக்கம் பார்த்தேன். ஒன்றும் இல்லை, வெயிலில் தண்ணீர் மினுங்கிக்கொண்டு கிடந்தது. அழுகை வந்தது. அடக்கினேன், நிற்கவில்லை. மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்தவர்கள், ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மாமி என் முதுகில் கை வைத்தார், எடுக்கவில்லை.

பிளேனர் ஓடவில்லை. கரை முழுக்கக் கேட்டிருக்கும்.