பனி நிற்காத தளம்

வேலிக்கு அந்தப் பக்கத்துத் தம்பிக்கு,

எட்டு வருடமாகப் பேசாதவன் எழுதுகிறானே என்று மகிழ்ந்துவிடாதே. அப்பாவின் அடக்கத்தன்று பாதிரியார் முன்னால் என்னை "ஏட்டுச் சுரைக்காய்" என்றாய். அதை நான் மறக்கவில்லை.

நீ இரவில் தோட்டத்தில் மறைந்துபோவதைக் கவனித்திருந்தேன். போன நவம்பரில் நன்றித் திருநாள் விருந்துக்கு நீ மாமனார் வீட்டுக்குப் போயிருந்தபோது, உன் தோட்டத்து மரத்தளத்தில் நிற்கும் சாசேஜ் சுடும் அடுப்பை நகர்த்தி, பலகையைத் தூக்கிப் பார்த்தேன். கீழே ஓர் அறை! ஓர் ஆணித்தலைகூட வெளியே தெரியவில்லை. சுவரில் பொட்டு ஈரமில்லை. விளக்கொளியில் கஞ்சாச் செடிகள் இடுப்புயரம் நின்றன. தாவரவியல் கற்பிக்கும் என் கண்ணாடிச் செடிக்கூடத்தில் தக்காளிகூட ஒழுங்காகக் காய்த்ததில்லை. வயிறெரிந்தபடியே வாய்பிளந்து நின்றேன்.

ஆனால் இந்தப் பனி கொட்டும் விஸ்கான்சினில் பிறந்தவன் பனியை மறக்கலாமா? இன்று ஊரெல்லாம் முழங்கால் பனி. உன் தளம் மட்டும் விளக்குச் சூட்டில் காய்ந்து கிடக்கிறது.

எதிர்வீட்டுப் போலீஸ்காரர் ஹால்வர்சன் சிரித்தபடி வந்தார். "என்ன வாத்தியாரே, உங்க தம்பி தளத்துல மட்டும் பனியே காணோம்? அடியில அடுப்பு எரியுதோ?"

"அவனா? விடியறதுக்குள்ள வாரிட்டான். படிப்புலதான் மக்கு, பனி வாரறதுல ராட்சசன்."

"அப்ப நீங்க?"

"அவனுக்கு நான் சளைச்சவனா? இதோ வாரப் போறேன்."

என் முற்றத்துப் பனியை முதுகொடிய வாரினேன். எல்லாவற்றையும் வேலிக்கு மேலாக உன் தளத்தோரமே கொட்டினேன். நீ வாரியதுபோலக் குவிந்து கிடக்கிறது. அடுத்த பனிக்குள் சூடு மேலேறாமல் அடைத்துவிடு. நீ சிறைக்குப் போனால் நான் யாரோடு பேசாமல் இருப்பது?

படித்ததும் அடுப்பில் போடு.

இப்படிக்கு,
ஏட்டுச் சுரைக்காய்