ஒரு சைஸ் பெரிய பைப்

மஸ்கட்

அன்புள்ள அப்பாவுக்கு நந்திதாவின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நலம். போனில் ஒரே நிமிடத்தில் “செரி கண்ணு, வெச்சர்றேன்” என்கிறீர்கள், அதனால்தான் கடிதம்.

இங்கே எங்கள் கம்பெனியில் ஏசி போடும் மேஸ்திரி சென்னியப்பன், நம் சிங்காநல்லூர்க்காரர். நான் கணக்குப் போட்டுக் கொடுத்ததை விட்டு, ஒரு சைஸ் பெரிய பைப்பைப் போட்டுவிட்டார். கேட்டால், “மோட்டாருக்குப் பெரிய பைப்புத்தானுங்க அம்மணி நல்லது” என்கிறார். இது என்ன கிணற்று மோட்டாரா? பைப் அகலமானால் கேஸின் வேகம் குறையும், கேஸோடு கலந்து போன ஆயில் கம்ப்ரசருக்குத் திரும்பாது. ஆயில் இல்லாமல் கம்ப்ரசர் ஜாம் ஆகிவிட்டது. பார்க்கப்போய்க் கையில் லேசாகச் சுட்டுக்கொண்டேன், ஆறிவிட்டது.

புது கம்ப்ரசரையும் அடுத்த மாதம் அதே பைப்பில்தான் மாட்டுவாராம். “உங்கப்பா மோட்டார் மெக்கானிக்குங்களே, அவரையே கேளுங்க” என்கிறார்.

வேலைக்குக் கூட்டிப்போக வந்த வண்டி ஹாரன் அடிக்கிறது. நீங்களே அவருக்குப் போன் செய்து சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் வைத்துவிடாதீர்கள், போனை என்னிடம் தரச் சொல்லுங்கள்.

நந்திதா