கேட்கத் தெரியாத பட்டாணி

என் செல்வி அக்காவுக்கு,

இங்கே மழை ஊற்றுகிறது. உங்கள் பட்டாணி ஈரக் காலோடு என் புடவை மேல் படுத்திருக்கிறான். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: அவன் நன்றாக இருக்கிறான்.

உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உங்கள் மகன் சென்னைக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. "வாடகை வீடு சித்தி, நாய் வச்சுக்க விடமாட்டாங்க" என்று அவன் கண்கலங்கினான். உங்கள் மாயாபந்தர் வீட்டுக் கொல்லையில் பட்டாணி உங்கள் செருப்பின் மேல் தலைவைத்துக் கிடந்தான். அப்படியே கூடையில் வைத்துத் தூக்கி வந்துவிட்டேன். கப்பலில் வழியெல்லாம் சத்தமே இல்லை. இங்கே ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் இறங்கியதும், அழைத்துப்போக வந்திருந்த என் வீட்டுக்காரர் கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"முயல்குட்டி மாதிரி இருக்கு. இன்னும் வளருமா?"

"வளர்ந்த நாய்ங்க. இனிமே வளராது."

வளர்ந்த நாய், எல்லாம் தெரிந்திருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஒன்றும் தெரியவில்லை அக்கா! மரைன் ஹில்லில் எங்களுக்கு மாடி வீடு. வந்த அன்றே வாசல் மிதியடி நனைந்தது. அப்புறம் சமையல்கட்டு, கட்டில் கால், இவருடைய யூனிஃபார்ம் கிடந்த மூலை. மாடிப்படியைப் பார்த்தாலே நடுங்குவான். தூக்கிக்கொண்டு கீழே போய் விட்டால் மண்ணை முகர்ந்துவிட்டுச் சும்மா நிற்பான். மேலே வந்ததும் மிதியடியில் ஒன்றுக்குப் போவான்.

ஒருநாள் பால்கனியில் அவன் போனது ஒழுகி, கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுச் சொந்தக்கார பெங்காலி அம்மா காயப்போட்டிருந்த வெள்ளை விரிப்பில் விழுந்துவிட்டது. மூச்சிரைக்கப் படியேறி வந்தார். "குத்தா ரக்னா ஹை தோ சிக்காவோ! நஹி தோ கர் காலி கரோ!" நாயைப் பழக்கு, இல்லையென்றால் வீட்டைக் காலி பண்ணு. மன்னிப்புக் கேட்டு, விரிப்பைத் துவைத்துக் கொடுத்தேன்.

"மாயாபந்தர்லயே யார்கிட்டயாவது விட்டுடலாம்மா. பாவம், அதுக்கும் இங்க கஷ்டம்" என்றார் இவர். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். மெதுவாகச் சொன்னதால் பயந்துபோனேன். உங்களுடையதென்று எனக்கு மிச்சம் அவன் ஒருவன்தானே?

மறுநாள் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடித்தான். கொஞ்ச நேரம் கழித்து எழுந்துபோய், சாத்தியிருந்த கதவுக்கு முன்னால் நின்றான். குரைக்கவில்லை, பிறாண்டவில்லை. கதவையே பார்த்தான். பிறகு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மிதியடிக்குத் திரும்பினான்.

அப்போதுதான் புரிந்தது. உங்கள் கொல்லைக் கதவை நீங்கள் சாத்தியதே இல்லை. வேண்டும்போது போவான், வருவான். கேட்க வேண்டிய அவசியமே அவனுக்கு வந்ததில்லை.

எனக்கு மட்டும் வந்ததா அக்கா? முதல் போஸ்டிங்கில், ஒரு வார்த்தை ஹிந்தி தெரியாமல், பெட்டியோடு மாயாபந்தர் படகுத்துறையில் நின்றேன். யார், எந்த ஊர், எத்தனை நாள் இருப்பாய் என்று நீங்கள் எதையுமே கேட்கவில்லை. "வா, முதல்ல சாப்பிடு" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தீர்கள். அந்த மாதிரி ஒரு வீட்டிலிருந்து வந்தவனை நான் எப்படித் திட்டுவேன்?

அதன்பிறகு அவன் கதவைப் பார்த்தாலே தூக்கிக்கொண்டு ஓடினேன். தூங்கி எழுந்தால், சாப்பிட்டு முடித்தால், எப்போதும் அதே பாதாம் மரத்தடி. அவன் போகும்வரை மழையிலும் குடையோடு நின்றேன். போய் முடித்த நொடியில் "சபாஷ்டா!" என்று ஒரு துண்டு சூரை மீன். வீட்டுக்குள் தப்பு நடந்தால் பேசாமல் வினிகர் போட்டுத் துடைத்தேன். ஒவ்வொரு படியாக இறங்கவும் பழகினான். கேட்க மட்டும் வரவில்லை.

போன ஞாயிறு மதியம் குளித்துக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு குரைப்பு. இங்கே வந்து அவன் குரலை நான் கேட்டதே இல்லை, யார் வீட்டு நாயோ என்று நினைத்தேன். மறுபடியும் குரைப்பு. பிறகு கதவு திறக்கும் சத்தம், படிகளில் தடதடவென்று இவருடைய காலடி.

நான் தலையைத் துவட்டிக்கொண்டு வரும்போது இவர் லுங்கியோடு, சொட்டச் சொட்ட நனைந்து வாசலில் நின்றார். கையிடுக்கில் பட்டாணி.

"கதவுகிட்ட நின்னு என்னைத் திரும்பிப் பார்த்துக் குரைச்சான்டி! என்கிட்ட கேட்டான்!"

பின்னாலேயே கீழ்வீட்டு அம்மா துண்டோடு வந்தார். "அரே, பெஹ்லே பச்சே கோ போஞ்சோ" என்றார். முதலில் பிள்ளையைத் துடை என்று. 'பச்சா' என்றார், அக்கா! நான் சிரித்துக்கொண்டே அழுதுவிட்டேன்.

இவனை எங்களுக்கு விட்டுப்போனதற்கு நன்றி. யாரையும் பார்த்துப் பயப்படாதவனாக வளர்த்துக் கொடுத்ததற்கும்.

ஒருநாள் இவனுக்கும் வயதாகும். காது மந்தமாகும், கால் எழாது, படுத்த இடத்திலேயே போவான். அன்றைக்கு இந்த வீட்டில் ஒருவரும் முகம் சுளிக்க மாட்டோம். துடைத்துவிட்டு, இவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். நீங்கள் நிம்மதியாக இருங்கள்.

உங்கள் கூடப்பிறக்காத தங்கை,
கோமதி