குளிரின் கடைசிப் படி

ஞாயிறு, மார்கழி.
காலையில் பனி மூட்டம். ஆவடி ஸ்டேஷன் பக்கம் ரயில் சத்தம் மட்டும், ரயில் தெரியவில்லை. எழுத்து ஏறி இறங்கித்தான் போகிறது, நோட்டு பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த வயதில் கை இப்போதுதான் நடை பழகுகிறது.

முதியோர் மாலை வகுப்பில் தமிழ் முடித்து இங்கிலீஷ் எழுத்துக் கூட்டுகிறேன். இன்று டீச்சரம்மாவிடம் நானே கேட்டேன், குளிருக்கு என்னென்ன வார்த்தை என்று. மகன் குமார் ராணுவ டிரைவர், பனிமலையில். டவர் கிடைத்தால்தான் பேசுவான். போர்டில் படிப்படியாக எழுதிக் காட்டினார். சில்லி: ஸ்வெட்டர் போதும். அப்புறம் கோல்டு. ஃப்ரீஸிங்: தண்ணீர் கட்டியாகும். கடைசிப் படி பிட்டர்லி கோல்டு: தோல் வெளியே தெரியக்கூடாது. நம்மூரில் முதல் படிக்கே பக்கத்து வீட்டு ஏழுமலை தலையில் குரங்குக் குல்லா!

செவ்வாய்.
பல் வலி. கிராம்பு வைத்தேன்.
மருமகள் செல்விக்கு ஃபேக்டரியில் தையல் வேலை. ராணுவத்துக்குப் பனிக் கோட்டு. வியர்க்க வியர்க்கத் தைக்கிறாள். எனக்கும் என் மனைவி ராணிக்கும் இங்கிலீஷ் படிக்கத் தெரியாததால், குமார் இருக்கும் ஊரின் குளிரைத் தினமும் போனில் பார்த்துச் சொல்வது அவள்தான்.
"இன்னா போட்டுகீது?"
"சில்லி, அத்தை."
ராணி நிம்மதியாகத் தட்டு எடுப்பாள்.
இன்றும் சில்லி என்றாள். போனை எட்டிப் பார்த்தேன். வார்த்தை நீளம். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். பிட்டர்லி. நானே படித்துவிட்டேன்! கத்தப் போனேன். அப்புறம்தான் என்ன படித்தேன் என்று உறைத்தது. வாயை மூடிக்கொண்டேன்.

புதன்.
குழாயடியில் செல்வியிடம் கேட்டேன், ஏன் மாற்றிச் சொல்கிறாய் என்று.
"அத்தைக்கு பிரஷர் கீது மாமா. சொன்னா தூங்குமா?"
"நீ தூங்குறியா?"
குடம் வழிந்தது.
நாளை முதல் நான் படிக்கிறேன் என்றேன். என்னவென்று படிப்பேன், அது எனக்கே தெரியவில்லை.

வியாழன்.
ராணி கேட்டாள். போன் என் கையில். பொய் படிக்கவா இத்தனை பாடுபட்டுக் கற்றேன்? உரக்கப் படித்தேன், பிட்டர்லி கோல்டு. அர்த்தமும் சொன்னேன்.
ராணி அசையவில்லை. "தெரியும்யா. டெய்லி சில்லின்னு சொல்ட்டு இவ சோத்த பெசஞ்சிகினே குந்தினு இருப்பா. துன்ன மாட்டா."
செல்வி பக்கம் திரும்பினாள். "ஏண்டி, நீ தைக்கிற கோட்டு அந்தக் குளிர தாங்குமா?"
"தாங்கும் அத்தை. மூணு அடுக்கு."
"அப்ப துன்னு."
செல்வி இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாள்.
அடுத்த வாரம் குமார் ஊர் எந்தப் படியில் நிற்கிறதோ, அதை இங்கிலீஷ் எழுத்திலேயே இங்கே எழுதிவிடுவேன்.